சாட்பாட்டுக்கு எந்தப் பட்டன்: ரிப்ளை கீபோர்டா, இன்லைனா, லிஸ்ட்டா, மினி ஆப்பா?

டெலிகிராமுக்கோ வாட்ஸ்அப்புக்கோ சாட்பாட் எழுத உட்காரும்போது எந்தப் பட்டன் அழகாக இருக்கும் என்றுதான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். அழகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மூன்று வாரத்துக்கு முன்னால் அனுப்பிய பட்டனை ஒருவர் மேலே தள்ளிக்கொண்டு போய் அழுத்தினால் என்ன ஆகும்? அழுத்தியது சர்வருக்கு எந்த வடிவில் வந்து சேரும்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே பேசலாம்: சந்திப்பு நேரம் பதிவு செய்யும் சாட்பாட். பயனர் கிழமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு நேரம், பிறகு உறுதி. நடுவில் மனம் மாறினால் ஒரு படி பின்னால் போக வழி வேண்டும். பதிந்த பிறகு ரத்து செய்யவும் முடிய வேண்டும்.

ரிப்ளை கீபோர்டு: சொல்லே விடை

டெலிகிராமில் பழையது இதுதான். விரல் தட்டும் கீபோர்டு வரும் இடத்தில் பட்டன்கள் வந்து உட்காரும். அழுத்தினால், பட்டன் மேல் எழுதியிருக்கும் சொற்களே பயனர் அனுப்பிய மெசேஜாகப் போகும். மறைவாக ஒட்டிக்கொண்டு வரும் குறியீடு எதுவும் கிடையாது. சர்வருக்குக் கிடைப்பது வெறும் எழுத்து. எழுத எளிது, பயனருக்கும் உடனே புரியும். ஆனால் சிக்கல்களும் இங்கேதான் தொடங்குகின்றன.

பட்டனில் ‘நேரம் பதிவு’ என்று இருந்ததை அடுத்த வெளியீட்டில் ‘புதிய பதிவு’ என்று மாற்றுகிறீர்கள். பழைய கீபோர்டு பயனரின் திரையில் அப்படியேதான் இருக்கும். நீங்கள் புதியதை அனுப்பும்வரை அல்லது அகற்றும் கட்டளை அனுப்பும்வரை அது போகாது. அவர் அழுத்தியதும் ‘நேரம் பதிவு’ என்றே வரும், உங்கள் நிரல் ‘புரியவில்லை’ என்று பதில் சொல்லும். ஆகவே பழைய சொற்களையும் ஏற்கும் பட்டியல் ஒன்று நிரலில் எப்போதும் இருக்க வேண்டும். பட்டனில் இமோஜி சேர்ப்பதும் சொல் மாற்றம்தான் என்பதை மறந்துவிடுவார்கள்.

தமிழில் எழுதும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பட்டன் சொற்கள் ஒரு கோப்பிலும், ஒப்பிடும் சொற்கள் வேறொருவர் வேறு கீபோர்டு செயலியில் தட்டிய இன்னொரு கோப்பிலும் இருந்தால் பொருந்தாது, காரணமும் கண்ணில் படாது. வரும் எழுத்து, ஒப்பிடும் எழுத்து இரண்டையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் தீரும்.

அமைப்புகளில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ‘ரிசைஸ் கீபோர்டு’ தானாக இயங்காது. அதை இயக்காவிட்டால் இரண்டே பட்டன்கள்கூட முழுக் கீபோர்டின் உயரத்துக்கு வீங்கி நிற்கும். ‘ஒன் டைம் கீபோர்டு’ என்ற பெயரைப் பார்த்து ஒருமுறை அழுத்தியதும் அழிந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. அது மறையும், அவ்வளவுதான். எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள சின்னத்தைத் தொட்டால் திரும்ப வரும். உண்மையில் நீக்க வேண்டுமானால் ‘ரிப்ளை கீபோர்டு ரிமூவ்’ அனுப்ப வேண்டும். அதைத் தனியே அனுப்ப முடியாது, ஏதாவது ஒரு மெசேஜோடு சேர்த்துத்தான் அனுப்ப முடியும்.

குழுவில் அனுப்பினால் கீபோர்டு எல்லார் திரையிலும் வரும். ஒருவருக்கு மட்டும் காட்ட ‘செலக்டிவ்’ அமைப்பு இருக்கிறது. சேனல்களில் ரிப்ளை கீபோர்டே இல்லை. கிழமை, நேரம், உறுதி என்று படிப்படியாகப் போகும் வேலைக்கு இது தோதுப்படாது: ஒவ்வோர் அழுத்தலும் அரட்டையில் ஒரு வரியைச் சேர்க்கும், பின்னால் போனால் இன்னும் இரண்டு வரி. பதிவு முடிவதற்குள் திரை நிரம்பிவிடும்.

ஆனாலும் இதை ஒதுக்கிவிட முடியாத இடம் ஒன்று உண்டு. பயனரின் தொலைபேசி எண்ணையோ இருப்பிடத்தையோ ஒரே தொடுதலில் கேட்டு வாங்கும் பட்டன் ரிப்ளை கீபோர்டில் மட்டுமே இருக்கிறது, அதுவும் தனி அரட்டையில் மட்டும். எண் வந்ததும் அந்தத் தொடர்பில் உள்ள பயனர் ஐடியும் அனுப்பியவரின் ஐடியும் ஒன்றுதானா என்று பாருங்கள். பட்டனை அழுத்தாமல், தன் தொடர்புப் பட்டியலிலிருந்து வேறொருவருடைய எண்ணை இணைத்து அனுப்பவும் யாராலும் முடியும்.

இன்லைன் கீபோர்டு: மெசேஜோடு ஒட்டிய பட்டன்

சாட்பாட்டுகள் டெலிகிராமோடு பேசும் இடைமுகமான பாட் ஏபிஐயின் 2.0 பதிப்பு 2016 ஏப்ரலில் வந்தபோது இது வந்தது. பட்டன்கள் மெசேஜின் அடியிலேயே ஒட்டியிருக்கும். அழுத்தினால் அரட்டையில் எதுவும் விழாது. பட்டனுக்குள் நீங்கள் மறைவாக வைத்த குறியீடு, அதாவது கால்பேக் டேட்டா, சர்வருக்கு வரும். அதே மெசேஜைத் திருத்தி அடுத்த படியைக் காட்டலாம். கிழமைகள் இருந்த இடத்தில் நேரங்கள் வரும், நேரங்கள் இருந்த இடத்தில் உறுதி வரும். பயனர் கண்ணுக்குக் கடைசிவரை ஒரே மெசேஜ்தான். படிகள் உள்ள எந்த வேலைக்கும் எங்கள் முதல் தேர்வு இதுவே.

கால்பேக் டேட்டாவுக்கு இடம் 1 முதல் 64 பைட் வரை. எழுத்து இல்லை, பைட். ‘செவ்வாய்க்கிழமை’ கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடில் 15 குறிகள். எழுத்தை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 45 பைட். ‘செவ்வாய்க்கிழமை:காலை:418’ என்று வைத்தால் 62 பைட் ஆகும், வேலை செய்யும். சோதனையில் எல்லாம் சரியாகவே போகும். பதிவு எண் ஐந்து இலக்கமானால் சரியாக 64. ஆறு இலக்கத்தைத் தொட்ட அன்று 65 பைட் ஆகி, பட்டன் டேட்டா செல்லாது என்ற பிழையோடு மெசேஜ் முழுவதும் போகாமல் நின்றுவிடும். அதற்குள் அந்த நிரலை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

பட்டனில் பயனர் படிப்பதற்கும் கால்பேக்கில் போவதற்கும் எந்த உறவும் வேண்டாம். ‘2:418:17:0930’ என்பது போல எண்களாக வையுங்கள்: படி, பதிவு எண், தேதி, நேரம். இது 13 பைட்தான். முன்னால் வடிவ எண் ஒன்றைச் சேர்ப்பது இன்னும் நல்லது. நாளை வரிசை மாறினால், பழைய பட்டனிலிருந்து வருவதை அந்த எண்ணைப் பார்த்தே பிரித்துக்கொள்ளலாம். இதற்கும் மேல் தகவல் வேண்டுமானால் டேட்டாபேஸில் வைத்துவிட்டு அதன் ஐடியை மட்டும் பட்டனில் வையுங்கள். சர்வரின் நினைவகத்தில் மட்டும் வைத்தால் மறுதொடக்கம் ஆனதும் பழைய பட்டன்கள் எல்லாம் செத்துப்போகும்.

அடுத்து, பதில் சொல்லும் கடமை. பட்டனை அழுத்தியதும் டெலிகிராம் அதன் மேல் காத்திருப்புக் குறியைச் சுழலவிடும். ‘ஆன்சர் கால்பேக் குவெரி’ அழைக்கும்வரை அது சுழலும். சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் வெறுமையாகவாவது அழைத்தே ஆக வேண்டும். மேலே மின்னி மறையும் சிறு குறிப்பாகவோ, மூடினால்தான் போகும் பெட்டியாகவோ 200 எழுத்து வரை சொல்லலாம். ஓர் அழுத்தலுக்கு ஒரு பதில்தான். ஆகவே வேலை சில நொடிகள் இழுக்கும் என்றால் முதலில் வெறும் பதிலைச் சொல்லிவிட்டு, முடிவை மெசேஜைத் திருத்திக் காட்டுங்கள். உடனே முடியும் வேலை என்றால் முடித்துவிட்டு, ‘அந்த நேரம் இப்போதுதான் போய்விட்டது’ என்பது போன்றதைப் பெட்டியில் சொல்லலாம். தாமதித்துச் சொன்னால் கேள்வி மிகப் பழையது என்று 400 பிழை (கோரிக்கையை ஏற்க முடியாது என்பதற்கான எண்) வரும். சர்வர் சிறிது நேரம் நின்று மீண்டும் எழுந்து, தேங்கிய அழுத்தல்களை வாரி எடுக்கும்போது இது வரிசையாக வரும். அந்தப் பிழையைப் பதிவு செய்துவிட்டுக் கடந்து போங்கள். அதனால் நிரல் நிற்கக்கூடாது.

இருமுறை தட்டும் விரல்களுக்குப் பஞ்சமே இல்லை. முதல் தட்டலுக்கு மெசேஜ் திருத்தப்படுவதற்குள் இரண்டாவதும் வந்துவிடும். திரும்ப அதையே எழுதித் திருத்தினால் ‘மெசேஜ் மாறவில்லை’ என்ற 400 பிழை வரும், அதில் தீங்கில்லை. ஒரே நேரம் இருமுறை பதிவாவதுதான் தீங்கு. டேட்டாபேஸில் ‘நிலை இன்னும் காத்திருப்பாக இருந்தால் மட்டும் உறுதியாக்கு’ என்று ஒரே கட்டளையாக எழுதுங்கள். முதலில் படித்து, பிறகு எழுதினால், இரண்டு தட்டல்களும் நடுவில் புகுந்துவிடும்.

குழுவில் போட்ட இன்லைன் பட்டனை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். ரத்து பட்டனை அழுத்தியவர்தான் பதிவு செய்தவரா என்று அனுப்பியவர் ஐடியைக் கொண்டு சரிபார்க்க வேண்டியது உங்கள் வேலை. தனி அரட்டையிலும் கால்பேக்கை நம்பிவிடக்கூடாது. நீங்கள் வைக்காத டேட்டாவும் வரலாம் என்று டெலிகிராமின் ஆவணமே எச்சரிக்கிறது. பதிவு எண் 418 என்று வந்தால், 418 இவருடையதுதானா என்று டேட்டாபேஸைக் கேளுங்கள்.

பட்டன் அழுத்தியும் சர்வருக்கு ஒன்றுமே வரவில்லை என்றால் நிரலைக் குடைவதற்கு முன், எந்த வகைத் தகவல்கள் வர வேண்டும் என்று டெலிகிராமுக்குச் சொல்லும் ‘அலவ்ட் அப்டேட்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். என்றோ ஒருமுறை மெசேஜ்கள் மட்டும் போதும் என்று வெப்ஹூக்கில் (டெலிகிராம் தகவல் அனுப்ப வேண்டிய சர்வர் முகவரியைச் சொல்லும் அமைப்பில்) அமைத்திருந்தால், அடுத்த முறை அந்தப் பட்டியலைக் குறிப்பிடாமல் அமைத்தாலும் பழைய அமைப்பே தொடரும். கால்பேக் குவெரி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அழுத்தல் எதுவும் வராது. மெசேஜ்கள் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

இரண்டையும் சேர்த்து வைக்கலாமா?

வைக்கலாம், ஒரே மெசேஜில் அல்ல. ஒரு மெசேஜுக்கு ஒரு ‘ரிப்ளை மார்க்கப்’தான், அதாவது பட்டன் அமைப்பு ஒன்றுதான். ரிப்ளை கீபோர்டை நீக்கிவிட்டு இன்லைனைக் காட்ட வேண்டுமானால் இரண்டு மெசேஜ் அனுப்பியே ஆக வேண்டும். ரிப்ளை கீபோர்டோடு போன மெசேஜைப் பின்னால் திருத்தவும் முடியாது. திருத்த முடிவது பட்டன் இல்லாததையும் இன்லைன் உள்ளதையும் மட்டுமே. ஒழுங்காக ஓடும் அமைப்பு இது: ‘என் பதிவுகள்’, ‘புதிய பதிவு’, ‘உதவி’ என்று இரண்டு மூன்று பட்டன்களோடு நிலையான ரிப்ளை கீபோர்டு, உள்ளே நடக்கும் படிகள் எல்லாம் இன்லைனில்.

அந்த இரண்டு மூன்றையும் கட்டளை மெனுவுக்கு (மெனு பட்டனைத் தொட்டால் திறக்கும் கட்டளைப் பட்டியலுக்கு) நகர்த்திவிட்டால் ரிப்ளை கீபோர்டே தேவைப்படாது. மெனுவில் 100 கட்டளைகள் வரை வைக்கலாம். கட்டளைப் பெயர் சிற்றெழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், விளக்கத்தைத் தமிழில் எழுதலாம். வயதானவர்களும் தொழில்நுட்பம் பழகாதவர்களும் அதிகம் என்றால் கீபோர்டையே வையுங்கள். மெனு பட்டனை அவர்கள் தொட்டுப் பார்ப்பதில்லை.

வாட்ஸ்அப்: எண்ணிக்கையே முடிவு செய்யும்

சாட்பாட்டுகளுக்கான வாட்ஸ்அப்பின் இடைமுகமான கிளவுட் ஏபிஐயில் விருப்பத்துக்கு அதிகம் இடமில்லை. ரிப்ளை பட்டன் என்றால் ஒரு மெசேஜில் மூன்று வரை, ஒவ்வொன்றின் தலைப்பும் 20 எழுத்துக்குள். மூன்றுக்கு மேல் என்றால் லிஸ்ட் மெசேஜ்: ஒரு பட்டனைத் தொட்டால் பட்டியல் திறக்கும். பிரிவுகள் எத்தனை இருந்தாலும் மொத்த வரிசைகள் 10தான். வரிசைத் தலைப்பு 24 எழுத்து, அதன் கீழே விளக்கம் 72. ஒவ்வொரு பிரிவுக்கும் 10 வரிசை என்று தப்பாகக் கணக்குப் போட்டு வடிவமைப்பவர்கள் நிறைய.

தமிழுக்கு 20 எழுத்து என்பது மிகக் குறுகல். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘சந்திப்பை உறுதிசெய்க’ இடைவெளியோடு சரியாக 20, ஏற்கும். ‘சந்திப்பை ரத்து செய்க’ 21, மெசேஜ் முழுவதும் நிராகரிக்கப்படும். என்ன சந்திப்பு என்பதை மெசேஜின் உடலில் சொல்லிவிட்டுப் பட்டனில் ‘ரத்து செய்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். நீளத்தைக் கண்ணால் அளக்காமல், அனுப்பும் முன் நிரலையே எண்ணவையுங்கள்.

கால்பேக் இடத்தில் வாட்ஸ்அப் தாராளம்: ரிப்ளை பட்டன் ஐடிக்கு 256 எழுத்து, லிஸ்ட் வரிசை ஐடிக்கு 200. ஆனால் அனுப்பிய மெசேஜின் பட்டன்களைப் பிறகு மாற்ற வழியில்லை. டெலிகிராமில் வேலை முடிந்ததும் பட்டன்களைக் கழற்றிவிடலாம். இங்கே அவை அங்கேயே இருக்கும். பயனர் பழைய பட்டியலைத் திறந்து வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எனவே ஒவ்வொரு ஐடியிலும் பதிவு எண்ணும் படியும் இருக்க வேண்டும். வந்ததும், அந்தப் பதிவு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, ‘இது ஏற்கெனவே உறுதியானது, மாற்ற வேண்டுமா?’ என்று கேட்க வேண்டும். வெறும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று ஐடி வைத்தால் எந்தக் கேள்விக்கு வந்த ‘ஆம்’ என்று தெரியாமல் தவிக்க நேரும்.

24 மணி நேர வரம்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். பயனர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் இந்த வகை மெசேஜ்களைச் சுதந்திரமாக அனுப்பலாம். நாளை மறுநாள் சந்திப்பை நினைவூட்ட வேண்டுமானால் வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற மெசேஜ் வார்ப்பு, அதாவது டெம்ப்ளேட், வேண்டும். டெம்ப்ளேட்டிலும் பட்டன் வைக்கலாம், சொற்களை ஒப்புதலுக்கு அனுப்பும்போதே முடிவு செய்தாக வேண்டும். டெலிகிராமில் இந்த வரம்பு கிடையாது. ஒருமுறை தொடங்கிய பயனருக்கு எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம், அவர் தடுக்கும்வரை.

அதே வேலையை ஃபேஸ்புக் மெசஞ்சரிலும் செய்ய வேண்டுமென்றால்: குவிக் ரிப்ளை 13 வரை, தலைப்பு 20 எழுத்து, அழுத்தியதும் எல்லாமே மறைந்துவிடும். பழைய பட்டன் தொல்லை இல்லாத ஒரே வகை இது. பட்டன் டெம்ப்ளேட் என்றால் மூன்றுதான், அவை அரட்டையில் தங்கும். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஒரு வரிசைக்கு 5 பட்டன், 5 வரிசை. 3 நொடிக்குள் முதல் பதில் போகாவிட்டால் பயனருக்குத் தோல்வி என்று காட்டிவிடும். டெலிகிராமில் பழகிய கை அந்த 3 நொடியில்தான் முதலில் அடிபடும்.

மினி ஆப், ஃப்ளோஸ்: எப்போது தாண்டிப் போவது

கிழமை ஏழு, நேரம் ஆறு என்றால் பட்டன் போதும். முப்பது தேதிகள், பெயர், குறிப்பு, இரண்டு தேர்வுகள் என்று விரிந்தால் பட்டன்களால் நாள்காட்டி கட்டுவது வீண் உழைப்பு. ஒவ்வொரு தொடுதலும் சர்வருக்குப் போய் மெசேஜைத் திருத்தி வர வேண்டும். மெதுவான இணைப்பில் மாதத்தைத் தள்ளிப் பார்ப்பதே எரிச்சலாகிவிடும். நான்கு படிக்கு மேல் போனாலோ, தட்டச்சு செய்து நிரப்பும் கட்டம் இரண்டுக்கு மேல் இருந்தாலோ படிவத்துக்கு மாறிவிடலாம் என்பது எங்கள் கணிப்பு.

டெலிகிராமில் அதற்கு 2022இல் வந்த வெப் ஆப் வசதி இருக்கிறது, இப்போது மினி ஆப் என்கிறார்கள். எச்டிடிபிஎஸ் முகவரியில் ஒரு வலைப்பக்கம் வேண்டும். ரிப்ளை கீபோர்டின் பட்டனிலிருந்து திறந்தால் ‘சென்ட் டேட்டா’ மூலம் 4096 பைட் வரை சாட்பாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பக்கம் மூடிக்கொள்ளும். இன்லைன் பட்டனிலிருந்து திறந்தால் அந்த வழி வேலை செய்யாது. உங்கள் சர்வருக்கே நேராக அனுப்ப வேண்டும். இதைத் தெரியாமல் அரை நாளைத் தொலைப்பது சாதாரணம். நேராக அனுப்பும்போது, பக்கம் திறக்கையில் டெலிகிராம் தரும் ‘இனிட் டேட்டா’வில் உள்ள ஹேஷை (தகவல் மாற்றப்படவில்லை என்று காட்டும் முத்திரையை), சாட்பாட் டோக்கன் என்ற ரகசியக் குறியைக் கொண்டு சர்வரில் சரிபார்க்க வேண்டும். பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் தரும் பயனர் ஐடியை அப்படியே நம்பினால், அடுத்தவர் பெயரில் யாரும் பதிவு செய்துவிடலாம். வாட்ஸ்அப்பில் இதே இடத்தில் ஃப்ளோஸ் இருக்கிறது: திரைகளை ஜேசன் என்ற தரவு வடிவில் எழுத வேண்டும், தோற்றம் அவர்கள் தருவதுதான், உங்கள் சொந்தப் பக்கம் அல்ல.

எதை முதலில் கட்டுவது

டெலிகிராம் மட்டும் என்றால் நேராக இன்லைனில் தொடங்குங்கள். பிறகு வாட்ஸ்அப்பும் வரும் என்று தெரிந்தால், முதல் நாளே மெனுவை டெலிகிராம், வாட்ஸ்அப் என்று எந்த இடத்தோடும் கட்டிவிடாமல் எழுதுங்கள்: கேள்வி, தேர்வுகள், ஒவ்வொரு தேர்வுக்கும் ஐடியும் குறுந்தலைப்பும். டெலிகிராமுக்கு அனுப்பும் பகுதி அதை வரிசைகளாக அடுக்கும். பட்டன்களை வெறும் பட்டியலாகக் கொடுத்தால் ஏற்காது. வரிசைகளின் பட்டியல், ஒவ்வொரு வரிசையும் பட்டன்களின் பட்டியல். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் வரிசைக்கு இரண்டுக்கு மேல் வைத்தால் கைபேசியில் சொல் பாதியில் வெட்டுப்படும். வாட்ஸ்அப்புக்கு அனுப்பும் பகுதி மூன்று வரை பட்டனாகவும், பத்து வரை லிஸ்ட்டாகவும், அதற்கு மேல் என்றால் ஒன்பது வரிசையும் ‘மேலும்’ என்ற பத்தாவது வரிசையுமாகவும் பிரிக்கும். தலைப்புகளை 20 எழுத்துக்குள் எழுதிப் பழகினால் எல்லா இடத்துக்கும் ஒத்துவரும். ஐடியை மட்டும் டெலிகிராமின் 64 பைட்டுக்கு அடக்குங்கள், அதுதான் இருப்பதில் மிகச் சிறியது.

வெளியிடும் முன் சில சோதனைகளைக் கையாலேயே செய்து பாருங்கள். ஒரு பதிவைத் தொடங்கி நேரம் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிட்டு, இன்னொன்றைத் தொடங்கி முடியுங்கள். பிறகு மேலே போய் முதல் மெசேஜின் பட்டனை அழுத்துங்கள். உறுதி பட்டனை வேகமாக இருமுறை தட்டுங்கள். சர்வரை நிறுத்திவிட்டு ஒரு பட்டனை அழுத்தி, ஐந்து நிமிடம் கழித்து சர்வரை எழுப்புங்கள். வேறொருவர் கணக்கிலிருந்து குழுவில் உள்ள ரத்து பட்டனை அழுத்துங்கள். பட்டன் கேட்கும் இடத்தில் பட்டனைத் தொடாமல் ‘செவ்வாய் காலை’ என்று தட்டி அனுப்புங்கள். நிறைய பேர் அப்படித்தான் செய்வார்கள். அதற்குப் பதிலாக அதே கேள்வியைப் பட்டன்களோடு புதிய மெசேஜாகக் கீழே அனுப்பிவிட்டு, மேலே உள்ள பழையதிலிருந்து பட்டன்களைக் கழற்றிவிடுங்கள்.